ரெண்டு சீரியல் கார்டு, பிசிஐஇயே தெரியாத ஒரு கெர்னல்: ரெண்டரை மாச ரிவ்யூ

சீரியல் கார்டு பெட்டி மேல "எல்லா ஆப்பரேட்டிங் சிஸ்டத்துலயும் வேலை செய்யும்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல விண்டோஸ், லினக்ஸ்னு ரெண்டே பேரு. எங்ககிட்ட ஓடுறது ரெண்டும் இல்ல, நாங்களே வருஷக்கணக்கா தட்டிக்கொட்டி வெச்சிருக்குற ஒரு சின்ன ரியல்டைம் கெர்னல், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட உள் மையம், 64 பிட் ஏஆர்எம் போர்டுல ஓடுது, அதுக்கு பிசிஐஇன்னா, அதாவது கம்ப்யூட்டர்ல கார்டு சொருகுற இணைப்பு முறைன்னா, என்னன்னே தெரியாது. போர்டுல இருக்குறதுலயே சின்ன வகை பிசிஐஇ ஸ்லாட், எக்ஸ்1, ஒண்ணு இருக்கு, வாங்கின நாள்லேர்ந்து தூசி பிடிச்சு சும்மாவே கெடந்துச்சு. இப்போ நாலு சீரியல் கருவிகிட்ட ஒரே நேரத்துல பேசணும்னு ஒரு தேவை வந்துச்சு, போர்டோட முக்கிய சிப்பான எஸ்ஓசில மிச்சம் இருந்ததோ ஒரே ஒரு யூஆர்ட், அதாவது ஒரே ஒரு சீரியல் போர்ட், சரி ஒரு நாலு போர்ட் கார்டு வாங்கி சொருகிட்டா முடிஞ்சதுன்னு நெனச்சேன். ஒரு வாரம் போதும்னு மீட்டிங்ல வாய விட்டுட்டேன். ரெண்டரை மாசம் ஆச்சு.

கம்பெனி பேரு எதுவும் போடப் போறதில்ல, ஏன்னா ஒரே சிப்புக்கு ஆளாளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்க, பேரு தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல. பிசிபி கலர வெச்சு பச்சை கார்டு, கறுப்பு கார்டுன்னு சொல்றேன். பச்சைய மொதல்ல வாங்கினேன், அதோட ஒரு மாசம் மல்லுக்கட்டிட்டு அப்புறம் கறுப்பு.

வெளித்தோற்றம், சாலிடரிங் எல்லாம் ரெண்டுலயும் ஓகே. பிராக்கெட் எங்க போர்டுக்கு பொருந்தல, கழட்டி வெச்சிட்டேன். நாலு வாலு வெச்ச கேபிள் ஒண்ணு குடுத்தாங்க, கொஞ்சம் வெறைப்பு, மத்தபடி குறை இல்ல. அவ்ளோதான், மேல இருக்குற விஷயத்துல பேச ஒண்ணுமில்ல.

மொத நாள் கார்ட சொருகி கெர்னல்லேர்ந்து லிங்க் ஸ்டேட்டஸ படிச்சா லிங்க் டவுன். ரெண்டாவது நாளும் டவுன். ரெஃபரன்ஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ் வருதான்னு ஸ்கோப்ல பாத்தேன், அழகா வருது. 3.3 வோல்ட் இருக்கு, 12 வோல்ட் இருக்கு. கடைசில ஸ்லாட்டோட ஏ11 பின்ல மல்டிமீட்டர வெச்சா சுத்தமா 0. அதுதான் பெர்ஸ்ட், கார்டுக்குப் போற ரீசெட் சிக்னல், கீழ இருக்குற வரைக்கும் கார்டு தூங்கிட்டே இருக்கும். போர்டு தயாரிச்சவங்க அத ஒரு ஜிபிஐஓல, அதாவது சாஃப்ட்வேர்லேர்ந்து ஏத்தி இறக்குற ஒரு பின்ல, கட்டியிருக்காங்க, கெர்னல ஏத்திவிடுற அவங்க பூட்லோடர் பிசிஐஇய தொடுறதே இல்ல, அதனால அந்த ஜிபிஐஓவ யாரும் மேல தூக்கல. மேனுவல்ல இதப் பத்தி ஒரு வரி கெடையாது, ஸ்கிமாட்டிக்ல மூணு பக்கம் தாண்டி ஒரு மூலைல இருக்கு. போர்டுக்கு ஒரு மார்க்க இங்கயே கழிச்சிட்டேன்.

தூக்கிவிட்ட உடனே லிங்க் வந்துச்சு, ஆனா அதுலயும் ஒரு கூத்து. ரீசெட்ட எடுத்தப்புறம் கார்டு கிட்ட மொத கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி 100 மில்லிசெகண்ட் விடணும்னு ஸ்பெக் சொல்லுது. நான் பூட் டைம் வீணாகுதேன்னு 10 வெச்சேன். மேசை மேல ரீபூட் பண்ணி பண்ணி டெஸ்ட் பண்ணப்போ எல்லாம் சரியா இருந்துச்சு, பவர அணைச்சு அரை மணி கழிச்சு போட்டா மட்டும் கார்டு காணோம். ரெண்டு நாள் கேபிள சந்தேகப்பட்டேன். 100 வெச்சதும் சரியாச்சு. மத்தவங்க சும்மா பெரிய நம்பர் போட்டிருக்க மாட்டாங்கன்னு ஒவ்வொரு தடவையும் அடிபட்டுத்தான் எனக்குப் புரியுது.

அடுத்தது ஸ்கேன். பிசிஐஇல யார் யார் இருக்காங்கன்னு கண்டுபிடிக்குற வேலை பாக்குறதுக்கு ரொம்ப எளிமை: பஸ் 256, ஒவ்வொரு பஸ்லயும் 32 டிவைஸ், ஒவ்வொரு டிவைஸ்லயும் 8 ஃபங்ஷன், ஒவ்வொண்ணுக்கும் தன் அடையாளமும் செட்டிங்கும் வெச்சுக்க 4 கேபி கான்ஃபிக் இடம், மொத்தமா 256 எம்பி. ஒவ்வொரு வாசல்லயும் போய் வெண்டர் ஐடிய, அதாவது தயாரிப்பாளர் நம்பர, படி, எல்லா பிட்டும் 1ன்னு வந்தா வீட்ல ஆள் இல்லன்னு அர்த்தம். பிசில இது அப்படித்தான் நடக்கும். எங்க எஸ்ஓசில ஆள் இல்லாத வாசல்ல தட்டினா 1 வராது, பஸ் எரர் வந்து கெர்னலே விழுந்துடும். இன்னும் மோசம் என்னன்னா அந்த எரர் உடனே வராது, நாலஞ்சு இன்ஸ்ட்ரக்ஷன் தள்ளி வரும், அதனால எங்க விழுந்துச்சுன்னு காட்டுற பேக்ட்ரேஸ்ல மாட்டுனது பாவம் பிரிண்ட் ஃபங்ஷன். பத்து வருஷமா ஒரு தப்பும் பண்ணாத பிரிண்ட் ஃபங்ஷன ஒரு நாள் முழுக்க வரி வரியா வாசிச்சேன். கடைசில பாத்தா கண்ட்ரோலர் ரெஜிஸ்டர் ஒண்ணுல ஒரு பிட் இருக்கு, கான்ஃபிக் படிக்குறப்போ பதில் வரலன்னா எரர் குடுக்காத, எல்லாம் 1 குடுன்னு சொல்றதுக்கு. பிறந்ததுலேர்ந்து அது அணைஞ்சு கெடக்கு.

அத போட்டு மறுபடி ஸ்கேன் ஓட்டினா லிஸ்ட் வருது, வருது, நிக்கவே இல்ல. ஒரே கார்டு 32 தடவை. நாலு போர்ட் கார்டு வாங்கினேன், கெர்னல் கணக்குல 128 போர்ட்! ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. விஷயம் என்னன்னா பிசிஐஇங்குறது பேர்லதான் பஸ், நெஜத்துல ஒரு ஒயருக்கு ரெண்டே முனை, அந்தப் பக்கம் இருக்குறது ஒரே ஆள். சில கண்ட்ரோலர் டிவைஸ் நம்பர பாத்து வடிகட்டாம எல்லாத்தையும் அப்படியே கார்டுக்கு அனுப்பிடும், கார்டும் நீ யார கூப்பிட்டாலும் நான்தான்னு பதில் சொல்லும். சினாப்சிஸ் டிசைன்வேர் கண்ட்ரோலருக்கு இந்தப் பழக்கம் உண்டுன்னு லினக்ஸ் சோர்ஸ்லயே கமெண்ட் எழுதி வெச்சிருக்காங்க, அத மொதல்லயே படிச்சிருந்தா ஒரு சாயங்காலம் மிச்சமாகியிருக்கும். ரூட் போர்ட்டுக்கு அடுத்த பஸ்ல டிவைஸ் 0 மட்டும் கேளுன்னு ஒரு இஃப் போட்டேன், 31 ஆவியும் போயிடுச்சு.

இப்போ பச்சை கார்டோட உண்மையான முகம் தெரிய ஆரம்பிச்சுது. ஸ்கேன்ல வந்தது சீரியல் சிப் இல்ல, ஒரு பிரிட்ஜ். அதாவது இந்த கார்டுல இருக்குறது பழைய பிசிஐ காலத்து யூஆர்ட் சிப், அதுக்கு முன்னாடி பிசிஐஇலேர்ந்து பிசிஐக்கு மாத்துற ஒரு பிரிட்ஜ ஒட்டி புது கார்டுன்னு விக்கிறாங்க. பெட்டில இது எங்கயும் சொல்லல. லினக்ஸ்ல சொருகினா உங்களுக்கு இது தெரியவே தெரியாது, எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். சொந்த கெர்னல்ல நான் பிரிட்ஜுக்கு பஸ் நம்பர் குடுக்கணும், இந்தப் பக்கம் இன்ன பஸ், அந்தப் பக்கம் இன்ன பஸ், அதுக்குக் கீழ கடைசி பஸ் இன்னதுன்னு மூணு நம்பர், அப்புறம் அதுக்குள்ள போய் மறுபடி ஸ்கேன், நேத்து போட்ட இஃப் இந்த உள் பஸ்ஸுக்கு செல்லாது, ஏன்னா இது நெஜமான பழைய பிசிஐ பஸ், 32 டிவைஸையும் கேட்டாகணும். எளிமையான ஒரு லூப்பா எழுதினது தன்னையே திருப்பிக் கூப்பிடுற ரெக்கர்ஷன் ஆயிடுச்சு.

சரி, சிப் கெடச்சுது. அடுத்து, கார்டு எந்த அட்ரஸ்ல தெரியணும்னு எழுதி வைக்குற பேஸ் அட்ரஸ் ரெஜிஸ்டர், சுருக்கமா பார். இது உள்ள போனா காசு போற அந்த பார் இல்ல, நேரம் போற பார். கார்டுக்கு எவ்ளோ இடம் வேணும்னு கேக்குற முறை ரொம்ப அழகு: கார்டு அட்ரஸுக்கு பதில் சொல்றத, அதாவது டீகோட, அணைச்சிட்டு, ரெஜிஸ்டர்ல எல்லா பிட்டும் 1 எழுதி திருப்பி படிக்கணும், எந்த பிட்டெல்லாம் அசையலயோ அத வெச்சு அளவு. பச்சை கார்டுல கீழ 5 பிட் அசையல, அப்போ 32 பைட். நாலு போர்ட், போர்ட்டுக்கு 8 ரெஜிஸ்டர், கணக்கு டக்குனு பொருந்துச்சு, சந்தோஷத்துல எழுந்து ஒரு நடை நடந்துட்டு வந்தேன். வந்து உக்காந்து பாத்தா கடைசி பிட் 1.

கடைசி பிட் 1ன்னா அது மெமரி இல்ல, ஐஓ ஸ்பேஸ், மெமரிலேர்ந்து தனியா இருக்குற இன்னொரு அட்ரஸ் வரிசை. எக்ஸ்86ல அதுக்குன்னு தனி இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு, ஏஆர்எம்ல அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது. ஹோஸ்ட் கண்ட்ரோலர்ல ஒரு ஜன்னல் திறந்து, இந்த மெமரி அட்ரஸ்ல எழுதினா அந்தப் பக்கம் ஐஓவா மாத்தி அனுப்புன்னு செட் பண்ணணும். எங்க எஸ்ஓசில அந்த வசதி இருக்கு, போர்டுல என்னென்ன இருக்குன்னு கெர்னலுக்கு சொல்ல போர்டுக்காரங்க குடுத்த டிவைஸ் ட்ரீல அந்த ஜன்னலுக்கான வரி இல்ல. நானே சேத்தேன். அப்புறம் நடுவுல இருக்குற பிரிட்ஜுலயும் ஒரு ஜன்னல், அதோட குறைஞ்சபட்ச அளவு 4 கேபி, ஆக 32 பைட்டுக்காக 4 கேபி ஒதுக்கியாச்சு. மெமரி ஜன்னலா இருந்தா குறைஞ்சது 1 எம்பி, அந்த வகைல லாபம்தான்னு தேத்திக்கிட்டேன். எங்க போர்டுலயாச்சும் ஜன்னல் இருக்கு, ஐஓ ஸ்பேஸே தராத ஏஆர்எம் போர்டும் உண்டு, அதுல இந்த கார்ட சொருகினா அலங்காரத்துக்குத்தான்.

கார்டு வித்தவங்களுக்கு மெயில் போட்டேன், மெமரி பார் இருக்குற வெர்ஷன் உண்டா, ரெஜிஸ்டர் மேப் தருவீங்களான்னு. விண்டோஸ் டிரைவர் ஜிப் ஃபைல் அனுப்பினாங்க. இல்லங்க எனக்கு டாக்குமெண்ட் வேணும்னு மறுபடி போட்டேன், அதே ஜிப்பு, இந்த தடவை வெர்ஷன் நம்பர் ஒண்ணு கூடியிருந்துச்சு. மூணாவது மெயிலுக்கு ரெண்டு பக்க பிடிஎஃப் வந்துச்சு, அதுல ஒரு பக்கம் கேபிள் பின் அவுட். பச்சை கார்டு கடைசில ஓடத்தான் செஞ்சுது, இல்லேன்னு சொல்ல மாட்டேன், ஆனா 5க்கு 2.

கறுப்பு கார்ட வாங்குறப்போ உஷாரா சிப் நம்பர கேட்டு, டேட்டாஷீட் பப்ளிக்கா இருக்கான்னு பாத்து, பிரிட்ஜ் இல்ல, மெமரி பார், எம்எஸ்ஐங்குற புது இன்டரப்ட் முறை உண்டு, மூணும் உறுதி பண்ணிட்டுத்தான் வாங்கினேன். சொருகின மொத நாளே நாலு போர்ட்டும் தெரிஞ்சுது. ஒரே ஒரு தடுமாற்றம், நான் பார மேப் பண்றப்போ பழக்க தோஷத்துல சாதா மெமரி மாதிரி கேஷோட, அதாவது படிச்ச மதிப்ப நகல் எடுத்து வெச்சுக்குற மாதிரி, மேப் பண்ணிட்டேன், ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் மொத தடவை படிச்ச மதிப்பையே பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. டிவைஸ் மெமரின்னு மாத்தினதும் சரி.

அப்புறம் பாட் ரேட், அதாவது சீரியல்ல செகண்டுக்கு எத்தனை பிட்டுங்குற வேகம். 9600 வெச்சு அனுப்பினா மறுமுனைல குப்பை. ஸ்கோப்ப வெச்சு ஒரு பிட்டோட அகலத்த அளந்தேன், 9600ல 104 மைக்ரோசெகண்ட் இருக்கணும், இங்க 13. எட்டு மடங்கு வேகம். பழைய காலத்து கணக்குப்படி கிளாக் 1.8432 மெகாஹெர்ட்ஸ், அத 16ஆல வகுத்தா 115200, அத 12ஆல வகுத்தா 9600. இந்த கார்டுல கிளாக் 14.7456, அதே 12 போட்டா 76800 வரும். டிவைசர 96னு மாத்தினேன், எழுத்து எழுத்தா வந்துச்சு. வேடிக்கை என்னன்னா கார்டு மேல இருக்குற குட்டி கிரிஸ்டல்ல 14.7456ன்னு எழுதியே இருந்துச்சு, ஸ்கோப்பே வேண்டாம், ஒரு பூதக்கண்ணாடி போதும்.

எம்எஸ்ஐலதான் ரெண்டு வாரம் போச்சு, இத கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா வேற யாராச்சும் இதே குழில விழக்கூடாது. பழைய முறைல இன்டரப்ட்னா, அதாவது கார்டு வேலை வந்திருக்குன்னு கெர்னல கூப்பிடுறதுன்னா, ஒரு ஒயர் கீழ இறங்கி அங்கயே நிக்கும், நீங்க காரணத்த தீர்க்குற வரைக்கும் கத்திட்டே இருக்கும். எம்எஸ்ஐன்னா ஒயரே கெடையாது, கார்டு ஒரு அட்ரஸ்ல ஒரு நம்பர எழுதும், அவ்ளோதான். மொதல்ல எனக்கு அது வரவே இல்ல. எல்லா செட்டிங்கும் சரி, கேப்பபிலிட்டி லிஸ்ட்ல எனேபிள் பண்ணியாச்சு, ஒண்ணும் வரல. கமாண்ட் ரெஜிஸ்டர்ல பஸ் மாஸ்டர் பிட்ட நான் போடல, தானா போய் மெமரிய தொடுற டிஎம்ஏவே இல்லாத சீரியல் கார்டுக்கு அது எதுக்குன்னு விட்டிருந்தேன். யோசிச்சுப் பாத்தா எம்எஸ்ஐயே கார்டு மெமரில எழுதுறதுதானே, எழுத அனுமதி இல்லாம எப்படி எழுதும்? ஒரு பிட். நாலு நாள்.

வந்துச்சு, ஓடுச்சு, டெமோ காட்டினோம், எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்த நாள் காலைல வந்து பாத்தா ரெண்டு போர்ட் பேச்சு மூச்சு இல்ல, ராத்திரி எப்பவோ நின்னிருக்கு. ரீபூட் பண்ணா ஓடும், ஆறேழு மணி நேரம் கழிச்சு மறுபடி நிக்கும், ஒரு நாள் நாலுமே நின்னுச்சு. லாக் போட்டா பிரச்சினை வரவே மாட்டேங்குது, எடுத்தா வருது. கண்டுபிடிச்சது இதுதான்: நாலு போர்ட்டுக்கும் சேத்து கார்டு ஒரே ஒரு எம்எஸ்ஐதான் அனுப்புது, அதுவும் யாருக்கும் வேலை இல்லாத நிலைலேர்ந்து யாரோ ஒருத்தருக்கு வேலை வந்த நிலைக்கு மாறுறப்போ மட்டும். இன்டரப்ட் வந்தா ஓடுற என் ஹேண்ட்லர் போர்ட் 1, 2, 3, 4ன்னு வரிசையா ஒரு சுத்து பாத்துட்டு வெளிய வந்துடும். நான் 4ஐ பாத்துட்டு இருக்குறப்போ 1ல ஒரு எழுத்து புதுசா வந்துடுச்சுன்னு வைங்க. கார்டு கண்ணோட்டத்துல வேலை இல்லாத நொடின்னு ஒண்ணு வரவே இல்ல, அதனால புது எம்எஸ்ஐ கெடையாது. நான் முடிச்சிட்டேன்னு கெளம்பிட்டேன், கார்டு நீ வருவேன்னு உக்காந்திருக்கு. அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் காத்துக்கிட்டே கெடக்குறோம், வந்த எழுத்தெல்லாம் காத்திருக்குற 16 பைட் ஃபிஃபோ நெறைஞ்சு வழிஞ்சாலும் யாரும் கேக்க ஆள் இல்ல. பழைய ஒயர் முறையா இருந்திருந்தா வெளிய வந்த உடனே மறுபடி உள்ள இழுத்திருக்கும், தெரிஞ்சே இருக்காது. பச்சை கார்டுல இந்த வியாதி வராததுக்குக் காரணமும் அதுதான், அந்த ஒரு விஷயத்துல அதுக்கு நன்றி.

தீர்வு, நாலு போர்ட்டும் எங்கிட்ட எதுவும் இல்லன்னு சொல்ற ஒரு முழு சுத்து கெடைக்குற வரைக்கும் சுத்தணும், எல்லை மீறி சுத்தாம இருக்க ஒரு உச்ச வரம்பும் வெச்சு. லினக்ஸோட 8250ங்குற சீரியல் டிரைவர்ல வரம்போட சேத்து இதே லூப் இருக்கு. லினக்ஸோட லைசென்ஸ் ஜிபிஎல் ரெண்டாவது பதிப்பு, எங்க கெர்னல் மூடின சோர்ஸ், அதனால காப்பி அடிக்கல, படிச்சு புரிஞ்சுக்கிட்டு எழுதினது. ஜெஃபிர்ங்குற ஓப்பன் சோர்ஸ் ரியல்டைம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல பிசிஐஇக்குன்னு தனி பகுதியே இருக்கு, 16550 சீரியல் டிரைவரும் அது வழியா ஓடும், லைசென்ஸும் அப்பாச்சி 2.0. புதுசா ஆரம்பிக்குறவங்க சொந்த கெர்னல்ங்குற வீம்ப விட்டுட்டு நேரா அங்க போயிடுங்க, எனக்கு அந்த முடிவு எடுக்குற எடத்துல உக்கார குடுப்பினை இல்ல.

சாஃப்ட்வேர்லயே ஒரு முழு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்குற கியூஎமுவையும் இந்த ரிவ்யூல சேத்தே ஆகணும், அது இல்லேன்னா மூணு மாசம் தாண்டியிருக்கும். அதுல நாலு போர்ட் பிசிஐ சீரியல் கார்டு ஒண்ணு ரெடிமேடா இருக்கு, அதுவும் ஐஓ பார்தான், பச்சை கார்டுக்கான ஜன்னல் கோட அதுல வெச்சுத்தான் சரி பண்ணேன். எஜுகேஷன சுருக்கி எடுன்னு பேரு வெச்ச, பாடம் நடத்துற ஒரு டிவைஸும் இருக்கு, அதோட மெமரி பார்ல ஒரு ரெஜிஸ்டர்ல எத எழுதினாலும் 0 பிட்ட 1ஆவும் 1 பிட்ட 0ஆவும் மாத்தித் திருப்பித் தரும், இன்னொண்ணுல 5 எழுதி கொஞ்சம் காத்திருந்தா ஃபேக்டோரியல் 120 தரும். ராத்திரி 11 மணிக்கு டெர்மினல்ல அந்த 120 வந்தப்போ வந்த சந்தோஷம் நெஜ கார்டு எதுலயும் வரல. ஆனா கியூஎமு ரொம்ப நல்ல பிள்ளை. இல்லாத வாசல தட்டினா மரியாதையா எல்லாம் 1 குடுக்கும், பெர்ஸ்ட் கெடையாது, 100 மில்லிசெகண்ட் கெடையாது, 31 ஆவி கெடையாது. அங்க பாஸானது எல்லாம் போர்டுல பாஸாகும்னு நம்பித்தான் அந்த ஒரு வாரம்ங்குற வார்த்தை என் வாய்லேர்ந்து வந்துச்சு.

மார்க் சொல்லணும்னா, கறுப்பு கார்டுக்கு 5க்கு 4, குறைச்ச ஒண்ணு பெட்டில கிளாக் அளவ போடாததுக்கு. போர்டுக்கு 3, சிலிக்கான் நல்லா இருக்கு, டாக்குமெண்ட் எழுதினவங்க ஸ்லாட்ல ஒரு தடவைகூட எதையும் சொருகிப் பாத்த மாதிரி தெரியல. கார்டு வாங்கப் போறவங்க போர்ட் எத்தனைன்னு கேக்குறதுக்கு முன்னாடி சிப் நம்பர் கேளுங்க, மெமரி பாரா ஐஓ பாரான்னு கேளுங்க, கடைக்காரருக்குத் தெரியாது, பரவால்ல, சிப் நம்பர் கெடச்சா மிச்சத்த டேட்டாஷீட் சொல்லிடும். சாதா பிசில லினக்ஸ் மட்டும் ஓட்டுறவங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்ல, ரெண்டு கார்டும் ஒண்ணுதான், கேபிள் பிடிச்சத வாங்கிக்கங்க.

இப்போ அஞ்சு வாரமா நாலு போர்ட்டும் நிக்காம ஓடுது. ஸ்பேருக்கு கறுப்பு கார்டு இன்னொண்ணு வாங்கி வெச்சேன், அதே பெட்டி, அதே ஸ்டிக்கர், அதே மாடல் நம்பர். நேத்து சும்மா பிரிச்சு பூதக்கண்ணாடில பாத்தேன். கிரிஸ்டல்ல வேற நம்பர் இருக்கு.